எண்ணெய்ச்சட்டி வைத்த வீடு

தூத்துக்குடி,
2-12-1974

அன்புள்ள சௌந்தரிக்கு,

கர்த்தர் கிருபையில் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீயும் உன் அண்ணன் ஜேசுபாதம் மச்சான் வீட்டாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று இரண்டு வரி எழுதவும்.

இங்கே மழை விட்டபாடில்லை. நிலாவாரை இலை ஈரம் பட்டால் கறுத்துப்போகும். கறுத்த இலையைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள். சரக்குக் கிட்டங்கி முழுக்கத் தார்ப்பாய் விரித்துவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பிச்சையா மூட்டைகளுக்கு நடுவே குடை பிடித்துக்கொண்டு காவல் இருக்கிறான். சிரிப்பாக இருந்தது. சிரிக்க வேண்டும் என்று தோன்றியது, சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் பேசியாகிவிட்டது. முதலில் உள்பக்கம், மழை விட்டால் வெளிப்பக்கம். வருஷா வருஷம் நீ நின்று வேலை வாங்குவாய், நான் கிட்டங்கியில் இருப்பேன். அதனால் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. சன்னல் திரைகள், நட்சத்திரத்துக்குரிய மூங்கில் கூடு, அச்சுமுறுக்கு அச்சு, இவை எங்கே என்று எழுதவும். பரணில் ஏறித் தேடினேன், தேள்தான் கிடைத்தது.

நேராகவே கேட்டுவிடுகிறேன். ஆகஸ்டில் ரோஸை அடக்கம் பண்ணினோம். ஒரு மாதம் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று செப்டம்பரில் போனாய். இப்போது டிசம்பர். நமக்கு இருந்தது ஒரு பிள்ளை, அது போய்விட்டது. நீயும் நானும் இருக்கிறோம், வீடு இருக்கிறது. கிறிஸ்மஸுக்கு வந்துவிடு. எந்த நாள் என்று எழுதினால் கார் அனுப்புகிறேன்.

அன்புடன்,
கிருபாநிதி


நாசரேத்,
6-12-1974

ரோஸ் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன்.

சன்னல் திரைகள் கட்டிலுக்கு அடியில் பச்சைப் பெட்டியில் இருக்கின்றன. பாச்சை உருண்டை வாடை போக ஒரு நாள் காற்றாடப் போடுங்கள். வெயில் வேண்டாம், சாயம் வெளுக்கும். மூங்கில் கூடு புறவாசல் கொட்டகையில் விறகுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. எலி கடித்திருந்தால் ஈர்க்குச்சி வைத்துக் கட்டிக்கொள்ளலாம். அச்சு, அடுக்களை மேல்தட்டில் வெண்கலப் பானைக்குள் துணியில் சுற்றியிருக்கும். எண்ணெயில் நன்றாக ஊறிய பிறகே மாவில் தோய்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டும். ஆனால் இந்த வருஷம் அச்சு உங்களுக்கு எதற்கு என்று தெரியவில்லை. இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுங்கள்.

சுண்ணாம்பில் நீலம் அதிகம் கலக்க விடாதீர்கள். போன வருஷம் கலந்து, அறையெல்லாம் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது.

ரோஸ் அறையில் சன்னல் கட்டையில் அவள் பவுடர் டப்பா இருக்கிறது. வெள்ளையடிப்பவர்கள் தள்ளிவிடாமல் எடுத்து உள்ளே வைக்கவும். மற்றதெல்லாம்தான் போய்விட்டதே.

எனக்கு வேளைக்குப் பசிக்கிறது, தூக்கம் வருகிறது. அண்ணியோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குகிறேன். ஒரு குறையும் இல்லை.

ஞானசௌந்தரி


தூத்துக்குடி,
12-12-1974

அன்புள்ள சௌந்தரிக்கு,

கடிதம் கண்டேன். நீ சொன்ன இடத்தில் சொன்ன சாமான் இருந்தது. பவுடர் டப்பா என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. வெள்ளையடிப்பு முடிந்தது. நீலம் கலக்கும்போது கூடவே நின்றேன். நட்சத்திரம் கட்டியாகிவிட்டது. பிச்சையா ஏணியில் நின்று, “முதலாளி, இன்னும் கொஞ்சம் மேலயா, கீழயா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. “அங்கனயே கட்டுலே” என்று சொல்லிவிட்டேன்.

கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறாய், ஒன்றைத் தவிர. வியாபாரத்தில் சில பார்ட்டிகள் இப்படி எழுதுவார்கள். இலை எப்படிக் காய வேண்டும், சாக்கு எப்படித் தைக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக இருக்கும். ‘அனுப்பு’ என்ற வார்த்தை மட்டும் இருக்காது. அப்படிப்பட்டவனுக்குச் சரக்கு வேண்டாம் என்று நான் தெரிந்துகொள்வேன். உன் கடிதத்தைப் படித்தபோது அந்த ஞாபகம் வந்தது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே, மனசில் பட்டதை எழுதுகிறேன்.

“மற்றதெல்லாம்தான் போய்விட்டதே” என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், அடக்கம் முடிந்த அந்த வாரமே அவள் துணிமணிகளை மூட்டையாகக் கட்டிப் பெண்பிள்ளைகள் விடுதிக்குக் கொடுத்தேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் நீ அழுவாய், நாள் தள்ளிப்போகும். நல்ல துணி, நாலு பிள்ளை உடுத்தட்டும் என்று கொடுத்தேன். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். என்னால் வேறு மாதிரி யோசிக்க முடிவதில்லை.

சாப்பாடு கிளப்புக் கடையிலிருந்து வருகிறது. முந்தாநாள் சாம்பார் ஊசிப்போயிருந்ததாம். பிச்சையா ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினான். நான் அதற்குள் பாதி சாப்பிட்டிருந்தேன்.

வருகிற தேதியை எழுது.

அன்புடன்,
கிருபாநிதி


தூத்துக்குடி,
19-12-1974

அன்புள்ள சௌந்தரிக்கு,

உன் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. நேற்று இங்கே நடந்ததை வேறு யாரும் உன் காதில் போடுமுன் நானே எழுதிவிடுவது நல்லது.

பலகாரம் இல்லாமல் கிறிஸ்மஸ் வீடு என்ன வீடு என்று நினைத்தேன். ஆழ்வார்திருநகரிப் பக்கம் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிற ஆறுமுகத்தாய் என்ற அம்மாளை ஆள் விட்டு வரவழைத்தேன். வெளியூர்க்காரி, நம் வீட்டு விஷயம் எதுவும் தெரியாது. நானும் சொல்லவில்லை. புறவாசலில் அடுப்புக் கூட்டினாள். மாவு பிசைந்துகொண்டே கேட்டாள்.

“வீட்டம்மாவ எங்க அண்ணாச்சி காணோம்?”

“ஊருக்குப் போயிருக்கா. வரும்போது எல்லாம் தயாரா இருக்கணும்.”

“அதுக்கென்ன, அவிய வந்து இறங்குததுக்குள்ள டின்னு டின்னா அடுக்கிருவோம். வந்து வாயில போட்டுட்டு, எந்த மகராசி சுட்டான்னு கேக்கணும்.”

முதல் அச்சுமுறுக்கு மேலே மிதந்து வந்தது. எண்ணெய் வாடை சுவரைத் தாண்டியிருக்கும். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு அல்போன்சா புறவாசல் வழியாக ஓடி வந்தாள். மீன் ஆய்ந்த கையைக்கூடக் கழுவவில்லை, செதில் ஒட்டியிருந்தது.

“மாதாவே! என்ன காரியம் பண்ணிட்டீய அண்ணாச்சி? வருஷம் திரும்பாத வீட்டுல எண்ணெய்ச்சட்டியா?”

கையை நீட்டிச் சட்டியைக் காட்டினாள்.

“நட்சத்திரம் கட்டினீய, சரி, ஆண்டவர் பொறப்புக்குத்தானேன்னு விட்டோம். சட்டி வைக்கலாமா? பிள்ளைக்கு வருஷம் முடிஞ்சு, தாய்மாமன் வந்துல்லா முதச்சட்டி வைக்கணும்? அதுவரைக்கும் நாங்க சுட்டுக் கொண்டாந்து தரணும். இந்தத் தெருவுல அத்தன பேரும் உங்களுக்குத் தட்டு எடுத்து வச்சிருக்கோம்.”

ஆறுமுகத்தாய் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

“துக்க வீடா? எம்மா, எனக்குத் தெரியாதே! இந்த மனுசன் ஒரு வார்த்த சொல்லலியே!” என்று விறகை வெளியே இழுக்கப் போனாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? உள்ளதை எழுதுகிறேன். “அணைக்காத. பாதி மாவு கிடக்கு, சுட்டு முடி. வீணாப் போயிரும்” என்றேன்.

அல்போன்சா என்னை ஒரு பார்வை பார்த்தாள். “மாவு வீணாப் போயிருமா? நல்லாருக்கு அண்ணாச்சி உம்ம நியாயம்” என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போய்விட்டாள்.

மிச்ச மாவையும் ஆறுமுகத்தாய் சுட்டு முடித்தாள். அவள் பிள்ளைகளுக்கு என்று நான் கட்டிக் கொடுத்த பொட்டலத்தை வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வழக்கம் எனக்குத் தெரியாதது அல்ல. எங்கள் அம்மா செத்த வருஷம் வீட்டில் எண்ணெய்ச்சட்டி வைக்கவில்லை. மற்ற வருஷமும் சட்டி வைக்க வக்கில்லாத வீடு அது, எனக்கு வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது. நீ வந்து இறங்கும்போது வீடு பழையபடி மணக்க வேண்டும், அது ஒன்றுதான் என் புத்தியில் இருந்தது.

சட்டி வைத்தாகிவிட்டது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை. 24ஆம் தேதி மத்தியானப் பஸ்ஸுக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.

கிருபாநிதி


நாசரேத்,
21-12-1974

ரோஸ் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு முந்தியே செய்தி இங்கே வந்துவிட்டது. “தாய்மாமன் நான் உயிரோட இருக்கேன்லா? உன் வீட்டுக்காரருக்கு அப்படி என்ன அவசரம்?” என்று அண்ணன் சத்தம் போட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து போய்த் துணி துவைத்தேன்.

உங்கள் மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. சட்டி வைத்தாயிற்று என்றால் அந்த வீட்டில் துக்கம் முடிந்தது என்றுதான் நம் ஊரில் அர்த்தம். துணிகளைக் கொடுத்தபோது என்னைக் கேட்கவில்லை, இதையும் கேட்கவில்லை. நீங்கள் முடித்துவிட்டீர்கள். எனக்கு இன்னும் தொடங்கின மாதிரியே இல்லை. துக்கம் முடிந்த வீட்டுக்குள் நான் என்னவென்று வந்து நுழைவது? வருகிறவர்கள் பலகாரம் கேட்டால் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்பதா?

வருஷம் திரும்புகிற வரைக்கும் நான் இங்கேயே இருக்கிறேன். அதற்குப் பிறகு என்ன என்று இப்போது தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதினால் பொய்யாகிவிடும்.

24ஆம் தேதி பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டாம். அன்றைக்குக் கூட்டம் அதிகம் இருக்கும்.

ஞானசௌந்தரி


தூத்துக்குடி,
30-12-1974

அன்புள்ள சௌந்தரிக்கு,

நிற்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நின்றேன். கூட்டம் அதிகம்தான்.

கிறிஸ்மஸ் அன்று கோயிலுக்குப் போய்வந்து வீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் தட்டுக் கொண்டுவரவில்லை. சட்டி வைத்த வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியதில்லையே. சரி, நம் வீட்டில் இருப்பதைக் கொடுப்போம் என்று பிச்சையாவிடம் தட்டுத் தட்டாகக் கொடுத்து அனுப்பினேன். முகத்துக்காக வாங்கிக்கொண்டார்கள். அல்போன்சா மட்டும், “உங்க முதலாளிகிட்ட தப்பா நினைக்க வேண்டாம்னு சொல்லு” என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அவளிடம் எனக்கு வருத்தம் இல்லை. மற்றவர்களும் தின்றிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. நம் வீடு துக்க வீடும் இல்லை, பண்டிகை வீடும் இல்லை என்று ஆகிவிட்டது. நான் ஒரு அச்சுமுறுக்கை எடுத்துக் கடித்தேன். நொறுங்குகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் தெரியவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நாசரேத்துக்கு வந்திருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. வந்து கையோடு கூட்டிப்போய்விட வேண்டும் என்றுதான் புறப்பட்டேன், மறைப்பதற்கு என்ன? கோயிலுக்குள் ஆராதனை தொடங்கியிருந்தது. ஆண்கள் பக்கம் கடைசியில் நின்றேன். நீ பெண்கள் பக்கத்தில் அண்ணிக்குப் பக்கத்தில் வெள்ளைச் சேலையில் நின்றாய். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பிடித்திருந்தாய். வாய் அசையவில்லை. அடுத்த பாட்டுக்கும் பார்த்தேன். பக்கத்தைச் சரியாகப் புரட்டுகிறாய், எழும்போது எழுகிறாய், உட்காரும்போது உட்காருகிறாய். வாய் மட்டும் அசையவில்லை.

ஆகஸ்டிலிருந்து நானும் அப்படித்தான் நிற்கிறேன். உனக்குத் தெரியாது, நீ இங்கே இல்லை. நீ அங்கே அழுது கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றிக்கொண்டிருப்பாய், நான் ஒருத்தன்தான் மரக்கட்டையாக இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். துணியைக் கொடுத்தால் ஏதாவது தோன்றும் என்று பார்த்தேன். வெள்ளையடித்தால், நட்சத்திரம் கட்டினால், சட்டி வைத்தால் தோன்றும் என்று பார்த்தேன். எதுவும் தோன்றவில்லை. நான் முடித்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். எனக்கு ஒன்றும் முடியவில்லை, சௌந்தரி.

உன்னை அப்படிப் பார்த்த பிறகு, வா என்று கூப்பிட வாய் வரவில்லை. கடைசி ஜெபத்துக்கு முன்னால் வெளியே வந்துவிட்டேன். இனி வரச்சொல்லி எழுத மாட்டேன்.

இலை போன வாரம் கப்பல் ஏறிவிட்டது.

கிருபாநிதி


நாசரேத்,
2-1-1975

ரோஸ் அப்பாவுக்கு,

உங்களைப் பார்த்தேன். இரண்டாம் பாட்டின்போது திரும்பினேன், தூணுக்குப் பக்கத்தில் நின்றீர்கள். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. ஆராதனை முடிந்ததும் வெளியே வந்து தேடினேன். பஸ் போய்விட்டது என்றார்கள்.

சொல்லாமல் வந்ததற்காக அண்ணன் வருத்தப்பட்டார்கள். நான் வருத்தப்படவில்லை. ஆனால் அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது, நீங்கள் சாப்பிடாமல் போனீர்களே என்று நினைத்தேன். இத்தனை மாதத்தில் சோற்றின் முன்னால் எனக்கு ஏதோ ஒன்று தோன்றியது அன்றைக்குத்தான்.

வருஷம் திரும்பும்வரை நான் அந்த வீட்டுக்கு வருவதற்கில்லை. அதில் மாற்றம் இல்லை. நீங்கள் சனிக்கிழமை இங்கே வாருங்கள். ஞாயிறு ஆராதனைக்குச் சேர்ந்து போகலாம், பாட வேண்டும் என்று அவசியம் இல்லை. இந்த வீட்டில் சட்டி வைக்கவில்லை. சோறும் புளிக்குழம்பும்தான் இருக்கும். சட்டி விஷயமாக உங்களிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். நாமும் ஒன்றும் பேச வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

அண்ணன் பிள்ளைகளுக்கு என்று கடைகடையாக ஏறி இறங்காதீர்கள். ஒன்றும் வாங்கிக்கொண்டு வர வேண்டாம். வெறுங்கையோடு வாருங்கள்.

சௌந்தரி