சுடுகிறவரின் முகம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மாவும் நானும் சௌக்கியம், என் இடது முழங்கை ஒன்றைத் தவிர. அது தோல் உரிந்து தக்காளி மாதிரி இருக்கிறது, அம்மா தினம் இரண்டு வேளை மருந்து போட்டுத் திட்டுகிறாள், மருந்தைவிடத் திட்டுதான் அதிகம் எரிகிறது. அங்கே உன் உடம்பு, வேலை, தூக்கம் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா. போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது நான் வீட்டில் இல்லை, அப்பா ஒரு வேலையா வெளியூர் போயிருக்கார் என்று அம்மா மழுப்பினாளாம், அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான். நான் போனது துப்பாக்கி சுடும் பயிற்சி முகாமுக்கு. ஏழு நாள். சுடவும் கற்றுக்கொண்டு, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் கற்றுக்கொண்டு வருகிற முகாம். சிரித்துக்கொள், பரவாயில்லை, அம்மா மூன்று நாள் சிரித்தாள்.

விஷயம் இதுதான். நம் கிளப்பில் இருந்த கோச் வேலை மாறிப் போய்விட்டார். சனிக்கிழமை பயிற்சி நின்று நான்கு மாதம் ஆகிறது, பதினோரு பிள்ளைகள் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். கிளப் செயலாளர் என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார். எட்டு வருஷம் பொண்ணு பின்னாடியே உக்காந்து பார்த்தவர் சார் நீங்க, உங்களைவிட யாருக்குத் தெரியும் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாழ்க்கையில் ஒரு தோட்டாகூடச் சுடாதவன், உன் துப்பாக்கிப் பையைச் சுமந்ததைத் தவிர வேறொன்றும் செய்யாதவன், சரி என்று தலையாட்டிவிட்டேன். மீட்டர் ரீடிங் பார்த்துப் பார்த்து ஓய்வு வாங்கிய கண்ணு, ஐம்பது மீட்டர் தள்ளி இருக்கிற புள்ளி தெரியுமாக்கும் என்று அம்மா கேட்டாள். ஆனால் உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், செயலாளருக்காகவும் போகவில்லை, அந்தப் பிள்ளைகளுக்காகவும் போகவில்லை. வாராவாரம் நீ போன் செய்கிறாய், சாப்பிட்டியா என்கிறேன், ம் என்கிறாய், வேலை எப்படி என்கிறேன், போகுது என்கிறாய், அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். ஆறு வருஷமாக இதுதான் நடக்கிறது. உனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை நானும் கற்றுக்கொண்டால் உன்னிடம் பேச எனக்கு ஏதாவது கிடைக்கும் என்று நினைத்தேன். அதற்குத்தான் போனேன்.

முகாமில் இருபது பேர். தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம், அறைக்கு இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு மேஜை, சாத்தினால் திறக்காத, திறந்தால் சாத்தாத ஓர் அலமாரி. என் அறையில் ஒரு பேக்கரிக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். வருஷக்கணக்காக விடியற்காலையில் மாவு பிசைந்த பழக்கம், நான்கு மணிக்கு டாணென்று எழுந்து உட்கார்ந்துவிடுவார், எழுந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் என் படுக்கையையும் சேர்த்து மடித்து வைப்பார், நான் அதில் படுத்திருக்கிறேனா இல்லையா என்றுகூடப் பார்க்க மாட்டார். நல்ல மனுஷன். அவர் ஊர்க் கிளப்புக்கும் ஆள் இல்லையாம். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தது ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், எல்லோரும் சின்ன மேடம் என்று கூப்பிட்டோம். அதட்ட மாட்டாள், குரலே உயராது, ஆனால் அவள் பார்த்தால் இருபது பேரும் கப்சிப். முதல் நாள் முழுவதும் எங்களைச் சுடவே விடவில்லை. துப்பாக்கியை எப்படி எடுப்பது, எங்கே வைப்பது, காலியாக இருந்தாலும் குண்டு இருப்பதாகவே நினைத்து எப்படிப் பிடிப்பது, சுடாதபோது துப்பாக்கி காலி என்று காட்ட உள்ளே மஞ்சள் கொடி செருகி வைப்பது, இதுதான் காலை முதல் மாலை வரை. பன்னிரண்டு வயதில் நீ இதையெல்லாம் தப்பில்லாமல் செய்வாய், நான் கொடியைச் செருக மறந்து, தண்டனையாக இரண்டு தடவை மைதானத்தைச் சுற்றி நடந்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் நாள்தான் என் மூக்கு உடைந்தது. இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள், ஒருவர் குப்புறப் படுத்துப் பத்து ரவுண்டு சுட வேண்டும், மற்றவர் அவருக்குக் கோச்சாகப் பக்கத்தில் உட்கார வேண்டும். பேக்கரிக்காரர் படுத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா, பையிலிருந்து உன் பழைய டெலஸ்கோப்பை எடுத்து, அதன் மூன்று காலையும் விரித்து, ஜம்மென்று கண்ணை வைத்துக்கொண்டேன். கண்கொத்திப் பாம்பு மாதிரி இலக்கு அட்டையையே பார்த்தேன். பத்தும் முடிந்ததும் சின்ன மேடம் வந்து, எது சரியில்லாத ரவுண்டு சார், ஏன் என்று கேட்டாள். நான் பெருமையாக, நாலாவது வலது பக்கம் போய் எட்டு, ஏழாவது கீழே இறங்கி ஏழு என்று ஒப்பித்தேன். அது அட்டையிலேயே எழுதியிருக்கு சார், அவர் என்ன பண்ணினார்னு சொல்லுங்க என்றாள். மூச்சை விட்டுட்டு சுட்டாரா, பிடிச்சுக்கிட்டு சுட்டாரா. எந்தக் கண்ணை மூடினார். கன்னம் எப்போ துப்பாக்கிக் கட்டையை விட்டு எழுந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு முழம் தள்ளிப் படுத்திருந்த மனுஷனை நான் பார்க்கவே இல்லை, திருதிருவென்று முழித்தேன். அவள் டெலஸ்கோப்பை மடித்து எடுத்துக்கொண்டு, கடைசி நாள் வாங்கிக்குங்க, குண்டு போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்து நீங்க ஒண்ணும் பண்ண முடியாது, அது கிளம்புற இடத்தில உக்காந்திருக்கிற ஆளைப் பாருங்க என்றாள். எல்லோர் முன்னாலும் அசடு வழிந்தது. ஆனால் அவள் சொன்னதை அன்றைக்கு நான் முழுசாக வாங்கிக்கொள்ளவில்லை, இந்த வயசில் ஒரு சின்னப் பெண்ணிடம் குட்டு வாங்கினோமே என்ற எரிச்சல்தான் இருந்தது.

மற்ற நாட்களைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முழங்கையைப் பற்றித்தான் எழுத வேண்டும். சுடும்போது போடுகிற அந்தக் கனமான ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் படுத்துக் கிடப்பது எவ்வளவு கஷ்டம் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது பாப்பா. கழுத்து வலிக்கிறது, கையைச் சுற்றி இழுத்துக் கட்டுகிற வாரில் விரல் மரத்துப்போகிறது, இமைக்காமல் பார்த்துப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வருகிறது, அதில் புள்ளி இரண்டாகத் தெரிகிறது. இதையெல்லாம் நீ எட்டு வருஷம் செய்தாய், நான் பின்னால் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கவனமா இருந்தா என்ன என்று கேட்டேன். நான்காம் நாள் சாயங்காலம் ஜாக்கெட்டைக் கழற்றும்போது அந்த வார்த்தை ஞாபகம் வந்து எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

கடைசி நாள் பரீட்சை. காலையில் நாற்பது ரவுண்டு சுட வேண்டும், மத்தியானம் இன்னொருவர் நாற்பது சுடும்போது அவருக்குக் கோச்சாக உட்கார வேண்டும். கோச்சுக்கு அட்டை தெரியக்கூடாது என்று நடுவில் ஒரு பலகை வைத்துவிட்டார்கள். பேக்கரிக்காரர் படுத்தார், நான் அவர் இடது முழங்கைக்குப் பக்கத்தில், சுடும் கோட்டைத் தாண்டாமல் தரையில் உட்கார்ந்தேன். பார்ப்பதற்கு அவர் முகத்தைத் தவிர எனக்கு வேறொன்றும் இல்லை. முதல் இருபது நன்றாகப் போனது, மூச்சு இறங்கும், நிற்கும், விரல் அசையும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாடை இறுகிக்கொண்டே வந்தது. உதட்டுக்கு மேல் வேர்வை. இமைக்கவே இல்லை. இருபத்தாறாவது சுட்டுவிட்டுத் துப்பாக்கியைத் தரையில் இறக்கி வைத்து, தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இருக்கிறதே, ஐம்பது வயது மனுஷனின் பார்வை இல்லை அது, யாராவது என்னைக் கொஞ்சம் பாருங்களேன் என்கிற பார்வை. நான் சொன்னேன், போதும், எழுந்து உக்காருங்க, கொடியைப் போடுங்க, தண்ணி குடிங்க, மிச்சம் எங்கேயும் ஓடிப்போகாது என்று. அவர் எழுந்து உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டே, ஆறேழு ரவுண்டா எனக்கு எதிர்ல ஒண்ணுமே சரியா தெரியல அண்ணே, சொல்ல வெக்கமா இருந்துச்சு என்றார்.

அப்போதுதான் பாப்பா எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. உன் கடைசித் தேர்வுப் போட்டி. உனக்குப் பதினெட்டு. கடைசிப் பத்து ரவுண்டில் ஆறு முடிந்திருந்தது, எல்லாம் பத்தும் ஒன்பதுமாக விழுந்தது, நான் டெலஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. திடீரென்று உன் பக்கத்திலிருந்து சத்தம் நின்றுவிட்டது. நீ துப்பாக்கியை இறக்கிவிட்டுத் திரும்பி என்னைப் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது, தெரிந்தும் நான் தலையைத் தூக்கவில்லை. கண்ணை டெலஸ்கோப்பிலேயே வைத்துக்கொண்டு கையை மட்டும் உயர்த்தி நான்கு விரலைக் காட்டினேன். இன்னும் நாலுதான், திரும்பு என்று. நீ திரும்பினாய், நாலும் சுட்டாய், அணிக்குத் தேர்வானாய், நான் ஊரெல்லாம் சொல்லித் தீர்த்தேன். மறுநாள் காலை நீ இனிமேல் சுடப் போவதில்லை என்றாய். திமிர் என்றேன், எட்டு வருஷத்தையும் குட்டிச்சுவராக்கிவிட்டாய் என்றேன், இருபத்தேழு நாள் உன்னிடம் பேசாமல் இருந்தேன். அப்புறம் நீ படிக்கப் போனாய், வேலைக்குப் போனாய், அங்கேயே இருந்துவிட்டாய். என் வாழ்க்கையிலேயே நல்ல நாள் அதுதான் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். முகாமின் கடைசி நாள் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது யோசித்துப் பார்க்கிறேன், சுடும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியவில்லை. மெடலோடு நிற்கிற உன் முகம் தெரியும், நீ சுட்ட ஒவ்வொரு அட்டையும் தெரியும். அந்த முகம் தெரியாது. பேக்கரிக்காரர் மிச்சம் பதினாலையும் சுட்டு முடித்த பிறகு நான் பின்பக்கம் குழாயடியில் போய் முகத்தைக் கழுவுகிற மாதிரி ரொம்ப நேரம் நின்றேன்.

முடிவைச் சொல்ல மறந்துவிட்டேன். அவர் பாஸ். நான் சுட்டதில் நானூற்றுக்கு முந்நூற்று நாற்பது வேண்டும், முந்நூற்று முப்பத்தேழுதான் வந்தது, அதனால் முழுக் கோச் இல்லை, துணைக் கோச் என்று ஒரு காகிதம் கொடுத்திருக்கிறார்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி சுட்டுக் காட்ட வேண்டும். கோச்சாக உட்கார்ந்ததில் மட்டும் சின்ன மேடம் நன்று என்று எழுதியிருக்கிறாள். கொடுக்கும்போது, அவரை எழுந்து உக்காரச் சொன்னீங்களே, எதைப் பார்த்து சார் சொன்னீங்க என்று கேட்டாள். நான் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன், பதில் சொன்னால் உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும், அது உன்னிடம் சொல்ல வேண்டியது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன், அன்னைக்கு அவ என்ன சொல்லத் திரும்பினா, உன்கிட்டயாவது சொன்னாளா என்று. அம்மா கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். அப்புறம், ஆறு வருஷம் கழிச்சுக் கேக்கறீங்க, அவகிட்டயே கேளுங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதனால் உன்னிடமே கேட்கிறேன் பாப்பா. என்ன சொல்ல வந்தாய். முடியலைப்பா என்றா, பயமா இருக்கு என்றா, இல்லை, சும்மா என் முகத்தைப் பார்க்கத்தானா. எதுவாக இருந்தாலும் அன்றைக்கே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். தப்பு என்னுடையது. அந்த இருபத்தேழு நாளும் என்னுடையது. பதில் எழுத மனசில்லை என்றால் எழுதாதே, அதற்காகப் போன் செய்வதை மட்டும் நிறுத்திவிடாதே. லீவு கிடைக்கும்போது ஒரு தடவை வா. நீ வந்தால் துப்பாக்கிப் பேச்சு எடுக்க மாட்டேன், எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்க மாட்டேன், கல்யாணப் பேச்சை அம்மா எடுத்தாலும் அடக்கிவிடுகிறேன். உன் அறையில் அம்மா தையல் மெஷினைப் போட்டிருக்கிறாள், அதைக் கூடத்துக்கு நகர்த்திவிடலாம், அது ஒரு வேலையே இல்லை.

நல்லா இரு கண்ணு. நினைத்தது நடக்கட்டும், நல்ல மனுஷர்கள் பக்கத்தில் இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, கம்ப்யூட்டரை ரொம்ப நேரம் பார்க்காதே, நடுநடுவே எழுந்து கண்ணைக் கழுவு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது மறக்காமல் வீடியோவைப் போடு. பேச்சு வராவிட்டாலும் பரவாயில்லை, நீ பாட்டுக்கு உன் வேலையைப் பார், அம்மாவிடம் போனைக் கொடுக்காமல் நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
அன்றைக்குத் தலையைத் தூக்காத
உன் அப்பா