தோல் நிறத்தில் ஒரு கட்டு

ரோம், 4 ஆகஸ்ட் 1858

என் அன்பான செவெரோவுக்கு,

நலம் என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் நம் மகள் எர்சிலியாவுக்குக் காய்ச்சல் விடவே இல்லை. "அப்பா பாரிசுல புறா செஞ்சு முடிச்சாச்சா, எப்பத்தான் வருவாரு?" என்று என்னைப் பிடுங்கி எடுக்கிறாள்.

நீங்கள் நறுக்கிப் பதக்கங்களில் பதிக்கக் கேட்ட கண்ணாடி நூல்களை விளக்குச் சுடரில் உருக்கி இழுத்து அனுப்பியிருக்கிறேன். புறாச் சிறகுக்கு வெள்ளை, இடிந்த கோயில்களுக்குப் பழுப்பு. ஒரு தடவை வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

உங்கள் தெக்லா

பாரிஸ், 13 ஆகஸ்ட்

அன்புள்ள தெக்லா,

முதலாளி விடமாட்டேன் என்கிறார். குழந்தைக்குச் சிங்கோனாப் பட்டைக் கஷாயம் கொடு, சரியாகிவிடும்.

அவசரமாக வேறு நூல் வேண்டும். தோல் நிறத்தில் ஒரு கட்டு. கூந்தலுக்குச் செம்பு நிறம். கண்ணுக்குச் சாம்பல் பச்சை, ஓரத்தில் லேசாக மஞ்சள் படர்ந்த மாதிரி. உதட்டுக்குக் கீழே மச்சம் வைக்கக் கொஞ்சம் கரும்பழுப்பு. யாரோ ஒரு வாடிக்கையாளரின் மனைவியாம்.

எர்சிலியாவுக்கு முத்தங்கள்.

உன் செவெரோ

ரோம், 25 ஆகஸ்ட்

செவெரோ,

வாடிக்கையாளரின் மனைவியா? கண்ணோரத்து மஞ்சளை எவ்வளவு பக்கத்தில் இருந்து பார்த்தீர்கள்? நீங்கள் அங்கே பதிக்கும் முன்பே அவள் முகம் இங்கே என் விளக்குச் சுடரில் வந்துவிட்டது. அழகிதான். எனக்கு வயிறு எரிகிறது.

நூலை இத்துடன் வைத்திருக்கிறேன். அந்தப் பச்சையை இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் எர்சிலியா உள்ளே இருந்து கூப்பிட்டாள். "இரும்மா, பாதியில விட்டா அறுந்துடும்" என்றேன். முடித்துவிட்டுப் போனேன். அவள் போய்விட்டிருந்தாள்.

நேற்று அடக்கம் செய்தோம்.

தெக்லா

பாரிஸ், 6 செப்டம்பர்

என் தெக்லா,

திட்டு, சபி, ஆனால் எழுது. அவளிடம் போவதை விட்டுவிட்டேன். அந்தப் பதக்கத்தையும் செய்யவில்லை. நம் எர்சிலியாவைத்தான் செய்கிறேன், நீ மார்பில் குத்திக்கொள்ள. தோலுக்கு நீ அனுப்பிய கட்டே சரியாக இருக்கிறது. கண்ணுக்குத்தான் தடுமாறுகிறேன். கறுப்பா, தேன் நிறமா? ஒரு வரி போதும்.

உன் செவெரோ

பாரிஸ், 2 அக்டோபர்

தெக்லா,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. முகம் முடிந்துவிட்டது. கண் இரண்டும் இன்னும் கண்ணாடி பதிக்காத வெறும் பசைக் களிம்புதான். அது இறுகிக்கொண்டே வருகிறது. இறுகிவிட்டால் பிறகு எதுவும் உள்ளே இறங்காது.

நூல்கூட அனுப்ப வேண்டாம். நிறத்தை மட்டும் சொல்லு.

செவெரோ