உனக்கு நான் தெரிவு செய்த சப்பாத்து

மச்சான்,

நேற்றுக் காலை உன் அம்மா அலுமாரியைத் திறந்தார். முதலில் பூச்சி உருண்டை வாசம் வந்தது. அதற்கு அடியிலிருந்து மற்ற வாசம் மெதுவாக எழும்பியது. ஈரம் காய்ந்த உள்ளுறையின் புளிப்பு, றப்பர், கொஞ்சம் வியர்வை. சுவிஸில் நான் வேலை செய்யும் பனிவிளையாட்டுக் கடையில் பதினொரு வருடமாக நான் சுவாசிக்கிற வாசம்தான். ஆனால் திருகோணமலையில், துறைமுகத்தைப் பார்த்த உங்கள் வீட்டு அறையில், சட்டை முதுகோடு ஒட்டுகிற வெக்கையில் அது மூக்கில் ஏறியது. கட்டில் விளிம்பில் இருந்துவிட்டேன்.

"சுவிஸ் பொலிஸ்காரர் அனுப்பின பையோட வந்தது," என்றார் அம்மா. "ரெண்டு வருசமா வெளியில எடுக்கேல்ல. இத ஆருக்குக் குடுக்கிறது தம்பி? இந்த ஊரில ஆர் போடப்போயினம்?"

உன் ஸ்னோபோர்ட் சப்பாத்து. பனியில் பலகை ஓடுவதற்கு நான் உனக்கு எடுத்துத் தந்தது. நாடா கோர்க்கும் கொக்கிகளில் கடற்காற்று துரு ஏற்றியிருந்தது. அம்மா ஒன்றை மடியில் வைத்து, முழங்கைவரை கையை உள்ளே விட்டார்.

"என்ன இது, கல்லுமாதிரி விறைப்பு? இதுக்குள்ள எப்பிடிக் கால் வைக்கிறது?"

பிறகு கை நின்றது. ஒன்பதாம் வகுப்பில் பழைய இறங்குதுறையிலிருந்து குதித்துக் கணுக்காலை உடைத்தாயே, அது கோணலாகப் பொருந்தி எலும்பு புடைத்து நின்றதே, அந்தப் புடைப்புக்கான பள்ளம் உள்ளுறையில் அப்படியே இருந்தது. அம்மாவின் விரல்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டன.

"அவன்ர மொளி," என்றார். கையை வெளியே எடுக்கவில்லை.

அந்தப் பள்ளத்தை உண்டாக்கியது நான்.

உனக்கு நினைவிருக்கும், அது ஒரு டிசம்பர் மத்தியானம். நீ வேலை செய்த ஹோட்டல் குசினியில் மதியச் சமையல் முடிந்து இராச் சமையல் தொடங்க முன்னம் கடைக்கு ஓடி வந்தாய். மீன்பெட்டிக்குள் தவிர வேறெங்கும் ஐஸ் பார்த்திராத நாங்கள் இரண்டு பேரும் அந்த மலையூரில் பலகை ஓடப் பழகி அப்போது நாலாவது குளிர்காலம். உன் பழைய சப்பாத்து கணுக்காலில் மடிந்து மடிந்து துணிபோல ஆகியிருந்தது. முழங்காலை வளைத்தால் குதிக்கால் ஒரு விரல் உயரம் எழும்பும். "திரும்பு எண்டு நான் சொல்லி ஒரு கிழமைக்குப் பிறகுதான் பலகை திரும்புது மச்சான்," என்று சிரித்தாய்.

நான் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தேன். முதலாவது நடுத்தரமான இறுக்கம். போட்டுக்கொண்டு எழும்பி, கடைக்குள் நாலடி நடந்தாய். உன் முகம் மலர்ந்தது.

"இது காணும் மச்சான். சொகமா இருக்கு."

"சொகத்துக்கு வீட்டுச் செருப்பைப் போடு," என்றேன். "செங்குத்துச் சரிவில இது ஒரு மாசத்தில மடங்கிப்போகும். கயிறு கட்டின பாதைக்குள்ளயே எத்தினை நாளைக்கு ஓடப்போறாய்?"

இரண்டாவது பெட்டியைத் திறந்தேன். மலையின் பின்பக்கத்தில் ஓடுகிறவர்கள் வாங்குவது அது. கையால் வளைத்தாலும் வளையாது. காலை விட்டதும் சிறைக்குள் வைத்ததுபோல இருக்கிறது என்றாய். நான் உன் முன்னால் முழங்காலில் இருந்து, தொழில் தெரிந்தவனின் கர்வத்தோடு விளக்கம் சொன்னேன். நின்றால் பெருவிரல் முன்பக்கத்தை மெல்லத் தொடவேண்டும், முழங்காலை வளைத்தால் விலகவேண்டும், குதிக்கால் அசையவே கூடாது; புதிதில் இறுக்கமாக இருப்பதுதான் பிறகு அளவாக வரும். அரை மணித்தியாலம் உன்னைக் கடைக்குள் சுற்ற வைத்தேன். கணுக்காலில் அமத்துது என்றாய். அந்தப் புடைப்பின்மேல் ஒரு பஞ்சுத் துண்டை ஒட்டி, உள்ளுறையைச் சூடாக்கி, உன் காலில் மாட்டி, அது ஆறும்வரை அசையாமல் நிற்கச் சொன்னேன். கழற்றிப் பார்த்தபோது உன் கால் அதில் பதிந்திருந்தது.

"நீ சொன்னாச் சரிதான்," என்று அதையே எடுத்துக்கொண்டு போனாய்.

சப்பாத்தில் பிழை இல்லை. நான் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. சில கிழமைகளில் நீ வேறு ஆளாகிவிட்டாய். நினைத்த இடத்தில் திரும்பினாய், நான் பயந்து ஒதுங்குகிற இடத்திலும் பலகையின் விளிம்பை ஊன்றி நின்றாய். அதனால்தான் பெப்ரவரியில் ஒரு நாள், இரண்டு பேருக்கும் லீவு கிடைத்தபோது, கயிற்றுக்கு அப்பால், காவல் இல்லாத சரிவுக்குப் போகலாம் என்று நான் கூப்பிட்டேன்.

கீழே பனிச்சரிவு எச்சரிக்கைப் பலகையை இரண்டு பேரும் வாசித்தோம். மேலே போகும் தொங்கு கதிரையில் நீ முழுநேரமும் உன் குசினித் தலைவனைத் திட்டிக்கொண்டு வந்தாய், வெங்காயம் வெட்டியது பெரிதாகிப்போச்சு என்று அவன் எல்லார் முன்னாலும் கத்தினானாம். உச்சியில் காற்று தள்ளியது. இரவு விழுந்த பனி பழைய தடங்களை மூடி, சரிவு ஒரு கோடும் இல்லாமல் வெள்ளையாகக் கிடந்தது. நீ குனிந்து பார்த்தாய்.

"கொஞ்சம் பொறுப்பமே? காத்து நல்லா அடிக்குது."

"நேற்றும் ஆக்கள் இறங்கினவை," என்றேன். "போ மச்சான், பின்னால வாறன்."

நீ போனாய். மூன்று திருப்பங்கள். அவ்வளவு அழகாக நீ ஓடி நான் பார்த்ததில்லை. நாலாவதில் எனக்குக் கொஞ்சம் கீழே பனி, மரம் பிளப்பதுபோல வெடித்து, முழுச் சரிவும் உன்னோடு போனது.

பனியில் புதைந்தால் தேட இரண்டு பேரும் கட்டியிருந்த கருவி உன் இடத்தைக் காட்டியது. மண்வெட்டியில் முதலில் தட்டுப்பட்டது சப்பாத்துத்தான். நீ தலைகீழாகக் கிடந்தாய். காலிலிருந்து தலைவரை நான் தோண்டவேண்டியிருந்தது. முகத்துக்கு வந்து சேர்ந்தபோது நேரம் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து உன் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தது நான். அழுகைக்கு நடுவில் அவர் கேட்டார்: "நீ அவனோட நிண்டனியோ?" "இல்லை அம்மா, நான் கடையில," என்று என் வாய் சொல்லிவிட்டது. திட்டமிட்டுச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாளும் திருத்தவில்லை, அடுத்த மாதமும் திருத்தவில்லை. நீயெண்டாலும் தப்பினாய் என்று அவர் கோயிலில் என் பேரில் அர்ச்சனை செய்தார். திருநீற்றைத் தபாலில் அனுப்பினார். அந்த உறையை நான் பிரிக்கவே இல்லை.

அதைச் சொல்லத்தான் இந்தமுறை ஊருக்கு வந்தேன். வந்து ஒன்பது நாளாகியும் நிலாவெளியில் அக்கா வீட்டிலேயே படுத்துக் கிடந்தேன். நேற்று உன் அம்மா தானாகவே கூப்பிட்டார். உன் சப்பாத்துக்குள் கை விட்டபடி அவர் இருந்ததைப் பார்த்ததும் தொடங்கினேன்.

"அம்மா, இதை நான்தான் எடுத்துக் குடுத்தனான். அவன் மற்றதைத்தான் கேட்டவன். இது இல்லாட்டி அவன் அந்தச் சரிவுக்குப் போயிருக்கமாட்டான்."

"விசர்க்கதை கதையாத. சப்பாத்து என்னடா செய்யும்? நீ அவனுக்கு நல்லதைத்தானே பாத்து எடுத்தாய்." மற்றக் கையால் என் தலையைத் தடவினார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் மச்சான், அந்தக் கை தலையில் பட்டதும் எனக்கு எழும்பிப் போய்விடலாம் போல இருந்தது. மன்னிக்கக்கூடிய குற்றத்தை முன்னால் வைத்து, மன்னிப்பையும் வாங்கிக்கொண்டேன். மற்றதை ஏன் சொல்லவேண்டும் என்று மனம் கேட்டது.

"நான் அண்டைக்குக் கடையில நிக்கேல்ல அம்மா."

தலையிலிருந்த கை நின்றது.

"எங்க நிண்டனி?"

"அவனுக்கு மேல. பக்கத்தில."

அவர் யன்னலைப் பார்த்தார். வெளியே மூதூர்ப் படகு ஒன்று சத்தமிட்டுக்கொண்டு போனது.

"அவன் போறன் எண்டவனோ?"

"பொறுப்பம் எண்டவன்."

"நீ?"

"போ எண்டனான்."

அவர் அழவில்லை. கையைச் சப்பாத்துக்குள்ளிருந்து எடுத்தார். இரண்டையும் பையில் போட்டு, வாயைக் கட்டி, அலுமாரியில் வைத்துத் திறப்பைத் திருப்பினார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "வெயில் ஏறமுன்னம் போங்கோ தம்பி. அக்கா உங்களைப் பாத்துக்கொண்டிருப்பா."

முப்பது வருடமாக உங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அவர் என்னை 'நீங்கள்' என்று சொன்னது இதுதான் முதல் தடவை. வீதியில் ஊர் மான்கள் இரண்டு வழக்கம்போலப் படுத்துக் கிடந்தன. அவற்றைச் சுற்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.

இன்று விடிந்து அக்கா தேத்தண்ணி தந்துகொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. உன் அம்மா. எதுவும் விசாரிக்கவில்லை.

"ஒண்டே ஒண்டு கேக்கிறன். உண்மையைச் சொல்லுங்கோ. அண்டைக்கு மேல போகேக்க அவன் என்னைப் பற்றி ஏதும் கதைச்சவனோ?"

ஓம் என்று சொல்ல ஒரு கணம் போதும். உன் குரலில் ஒரு வசனம் கட்டுவது எனக்குக் கஷ்டமே இல்லை. அம்மாவின் கறியை நினைத்தான், சித்திரைக்கு ஊருக்கு வரவேண்டும் என்றான், எதுவென்றாலும் அவர் நம்பியிருப்பார். மிச்ச நாளுக்கு அது அவருக்கு உதவியிருக்கும்.

"இல்லை அம்மா," என்றேன்.

"சரி," என்று வைத்துவிட்டார்.

உன்னைப் போகச் சொன்னதை எப்படிச் சுமப்பது என்று இரண்டு வருடத்தில் ஒருமாதிரிப் பழகியிருந்தேன். இன்று காலை சொன்ன இந்த 'இல்லை'யை எப்படிச் சுமப்பது என்று தெரியவில்லை. அது சரியா பிழையா என்று கேட்பதற்கு, உன்னைத் தவிர எனக்கு ஆளில்லை.