உன் மலையூர் வளர்ந்த கதை

இன்று காலை நிலாவெளி விடுதியின் வரவேற்பு மேசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் பையைக் கவிழ்த்துக் கடவுச்சீட்டைத் தேடினாள். யூக்கலிப்டஸ் தைலப் போத்தல் ஒன்று உருண்டு என் பக்கம் வந்தது. மூடி சரியாக மூடப்படவில்லை. அந்த மணம் மூக்கில் ஏறியதும் உன் முகம் நினைவுக்கு வருமுன்பே பொறாமைதான் வந்தது. உன் ஊரில் தங்கிவிட்டு வருகிறாளாம். இந்த நாட்டிலேயே அழகான ஊர் அதுதான் என்றாள். எங்கள் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

நாம் இரண்டு பேரும் இந்த மேசைக்குப் பின்னால் நின்ற காலத்தில் நீயும் இப்படித்தான் பீற்றிக்கொள்வாய். ஆளில்லாத மத்தியானங்களில் உன் ஊரின் சரித்திரம் ஒரே மூச்சில் வரும்.

"மொதல்ல கோப்பி. நோய் வந்து கோப்பி செத்துச்சு, தேயில வந்துச்சு. தேயிலய ஏத்த ரயில் வந்துச்சு. இப்ப அதே ரயில்ல தொங்கிப் படம் எடுக்க ஒலகமே வருது."

உருளைக்கிழங்குக் கிடங்கு கோப்பிக் கடையானது, தையல்காரர் மேல்மாடி கட்டி வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விட்டது, எல்லாம் உனக்கு மனப்பாடம்.

நானும் விடமாட்டேன். "எடி, எங்கட துறைமுகத்துக்கு அடிபட்டு எத்தின ராச்சியம் வந்தது தெரியுமோ?"

"வந்தாங்க, சரி. ஒங்களுக்கு என்ன வச்சிட்டுப் போனாங்க?"

உலகம் புகழும் துறைமுகத்தைக் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்து வளர்ந்தவள் நான். உன் ஊரோ ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகப் பிறந்துகொண்டிருந்தது.

டவுனுக்குள், ஓர்ஸ் ஹில்லில் என் பெரியம்மா வீட்டுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். "தோட்டக்காட்டுப் பிள்ளையோ?" என்று உன் முன்னாலேயே கேட்டா. எனக்கு உடம்பு கூசியது. நீ சிரித்தாய். "ஆமாங்க பெரியம்மா. ஒங்க கையில இருக்குற பிளேன்டியும் அங்கேருந்து வந்ததுதான்." பெரியம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டா.

ஊர் அப்படி வளர்ந்தும், அதில் உனக்கென்று ஓரடி நிலம் இல்லை. ரோட்டுக்குக் கல் உடைத்தவர்கள் உன் ஆட்கள். அவர்களுக்குக் கிடைத்தது தோட்டத்து லயத்தில், அந்த வரிசைக் குடியிருப்பில், ஓர் அறை. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் அதுவும். அதற்காகவே உன் அம்மா வீங்கிய முழங்காலோடு கொழுந்து பறித்தார். கடைத்தெருவில் விருந்தினருக்கு விட, உன் பேர்ப்பலகையோடு ஓர் அறை, இதற்காகவே நீ இங்கே உழைத்தாய்.

திரும்பிப் போய், சலூனுக்குப் பின்னால் வாடகைக்கு ஓர் அறை பிடித்து, கட்டில் போட்டு, பலகையோடு நின்று படம் அனுப்பினாய். "வயிறு எரியுதடி" என்று எழுதினேன். உடனே உன் குரல்பதிவு வந்தது: "எரியட்டும், எரியட்டும். இங்க ஒரே குளிரு."

மழைக்காலத்தில் உன் அம்மாவை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். பேரை வெட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் அவருடைய கூடையை நீ தூக்கினாய். விடிய மலை ஏறவேண்டும் என்று லயத்திலேயே தங்கினாய். மேலே புது விடுதிக்காகச் செங்குத்தாக வெட்டிய மண், லயத்தின் மேல் இறங்கியது. இயற்கை அனர்த்தம் என்று செய்தியில் சொன்னார்கள். மலையை வெட்டியவனுக்கு இயற்கை என்று பேர் போலும்.

உன் கருமாதிக்குத்தான் முதல் தடவையாக உன் ஊருக்கு வந்தனான். கோப்பிக் கடைகள் நிரம்பி வழிந்தன. சரிந்த மலையை ஒருவன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவ்வளவு அழகான ஊர். அப்போதும் எரிந்தேன், உன்னை விழுங்கிவிட்டு இப்படி நிற்கிறதே என்று.

சலூனுக்குப் பின்னால், நீ விருந்தினருக்குப் போட்ட கட்டிலில் அம்மா இருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஒன்ன நெனச்சா அவளுக்கு ஒரே பொறாமம்மா. 'அவ நாளைக்கே வேலய விட்டாலும் அவ வீட்ட யாரும் புடுங்க ஏலாதும்மா'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பா."

சல்லிக் கிராமத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு அறை, தகரக் கூரை. உப்புக்காற்று தின்ற கதவு. நான் வெளியே சொல்ல வெட்கப்பட்ட வீடு.

இப்போது வேலைக்குப் புறப்பட்டு அந்தக் கதவைப் பூட்டும்போதெல்லாம் உன் வயிற்றெரிச்சல் என் முதுகில் படுகிறது. படட்டும். உன்னுடையதென்று அதையாவது நான் வைத்திருக்கிறேன்.