பொய் விரதமும் பதினாறு கிலோமீட்டரும்

ஆகஸ்ட் 4, திங்கள்

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். வனக்காவலர் பட்டியலில் என் எண் இருக்கிறது. கிட்டங்கியின் கணினியில் மூன்று முறை பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கழிவறைக்குப் போய்த் தனியாகச் சிரித்துவிட்டு வந்தேன்.

இனி நடைத் தேர்வு. நவம்பரில். பெண்களுக்கு நான்கு மணி நேரத்தில் பதினாறு கிலோமீட்டர். நானோ சிலமலையில் பஸ் ஏறி, போடியில் இறங்கி, ஏலக்காய்க் கிட்டங்கியில் நாள் முழுதும் உட்கார்ந்தபடி ஏலத்துக்கு வரும் மூட்டைகளின் லாட் எண்களைக் கணினியில் ஏற்றுகிறவள்.

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன். எழுபத்தெட்டு. சுமை தூக்கும் ஈஸ்வரன் அண்ணன் எங்கிருந்துதான் வந்தாரோ. "ஒண்ணரை மூட்டை வருது தங்கச்சி. லாட் நம்பரு போட்ருவமா?" என்றார். கெட்டவர் இல்லை. ஆனாலும் காதெல்லாம் சுட்டது.

நவம்பருக்குள் இருபது கிலோ குறைக்க வேண்டும். பட்டம் வாங்கியவளுக்கு இது முடியாதா?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

செல்போனில் ஒரு பெண் மாதத்தில் பன்னிரண்டு கிலோ குறைத்ததாகச் சொல்கிறாள். காலையில் எலுமிச்சை பிழிந்த வெந்நீர். மதியம் வெள்ளரிக்காய். இரவு ஒன்றுமில்லை. எழுதி வைத்துக்கொண்டேன்.

தடை அம்மாதான். விடியுமுன் எழுந்து இரண்டு பேருக்கும் சோறு பொங்கிவிட்டு, ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்க ஜீப் ஏறுகிறவள். அப்பா போன பிறகு அவளுக்கு என் தட்டைப் பார்ப்பதுதான் வேலை. ஒரு வாய் மிச்சம் வைத்தாலும் காய்ச்சலா என்று என் நெற்றியில் கை வைத்துவிடுவாள்.

அதனால் ஒரு பொய் சொன்னேன். வேலை கிடைக்க முருகனுக்கு நாற்பத்தெட்டு நாள் ஒரு பொழுது விரதம். மதியம் மட்டும் கிட்டங்கியில் சாப்பிட்டுக்கொள்வேன் என்று. எங்கள் வீட்டில் விரதம் என்று சொன்னால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இரு தாயி. அவன் கைவிட மாட்டான்" என்றாள்.

எவ்வளவு சுலபம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மூன்று கிலோ போய்விட்டது! ஐந்தே நாளில்! கணக்குப் போட்டால் செப்டம்பர் முதல் வாரத்திலேயே முடிந்துவிடும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஒரே லாட்டை இரண்டு முறை பதிந்துவிட்டேன். முதலாளி தலையைத் தூக்கிப் பார்த்தார். சீப்பில் முடி கொத்தாக வருகிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நடந்து பார்த்தேன். சிலமலையிலிருந்து போடிச் சாலையில் நான்கு கிலோமீட்டர் தாண்டவில்லை, கண் இருட்டிப் பாலக்கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். வியர்வை சில்லென்று இருந்தது. பருத்திக் காட்டுக்குப் போன இரண்டு பெண்கள் நின்று பார்த்துவிட்டு, "யாரு, ராமுத்தாய் மகளா? வெயிலுக்கு ஆகலபோல" என்று பேசிக்கொண்டே போனார்கள்.

வெயிலாம். மணி காலை ஏழு.

எடை குறையக் குறைய நடை கூட வேண்டாமா? ஏன் இப்படி? இன்னும் கொஞ்சம் கட்டுப்பாடு வேண்டும் போல. நாளையிலிருந்து வெள்ளரிக்காயிலும் பாதி.

ஆகஸ்ட் 20, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

பதினொன்றரைக்கு ஜீப் ஓட்டும் அமாவாசை அண்ணன் போன் செய்தார். "பாப்பா, பதறாத. அம்மா காட்டுக்குள்ள கிறுகிறுத்து விழுந்துட்டா. கீழ கொண்டாந்துட்டேன். போடி ஆசுபத்திரில இருக்கோம். வெரசா வா."

ஓடினேன். அம்மா கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. முழங்கையில் சிராய்ப்பு, தலைமுடியெல்லாம் ஏலச் சருகு. அம்மாவோடு காய் எடுக்கிற தேவி அக்கா என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டார்.

"நீ இருக்குற விரதத்துல ஒங்காத்தா உசுரு போயிருக்கும்டி. ரெண்டு வாரமா தூக்குப்போணிச் சோத்த எங்களுக்குப் பங்கு வச்சுட்டு, வெறுங் கட்டன் சாயாவ ஊத்திக்கிட்டுத் திரியுறா. சர்க்கரை மாத்திரைய மட்டும் நேரந்தவறாம முழுங்கிருவா. கேட்டா, எம்மக வயித்தக் கட்டிக் கும்பிடயில நான் திங்கவாங்குறா. நல்லவேளை, கங்காணி வாயில சீனிய அள்ளிப் போட்டாரு."

நேர்ச்சையில் பிள்ளைக்குப் பாதி, பெற்றவளுக்குப் பாதி. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். எனக்குத் தெரியாதா? கல்லூரியில் சேர்ந்த வருடம் நான் வேண்டிக்கொண்டு செருப்பில்லாமல் நடந்தபோது அவளும் நடந்தாளே. தெரிந்தும் ஏன் நினைத்துப் பார்க்கவில்லை?

நான் என் இடுப்பை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். சொல்லிவிட்டேன். விரதமும் இல்லை ஒண்ணுமில்லைம்மா, மெலியுறதுக்காகப் பொய் சொன்னேன் என்று.

அம்மா, "சாமி பேரச் சொல்லியா?" என்றாள்.

"ஆமாம்மா."

"என்னையத்தான் ஏமாத்துன. சரி. அவனையும் சேத்தா ஏமாத்துவ?"

அழுதேன். அவள் அழவில்லை. கடைசியில், "நீ கும்பிட்டது பொய்யின்னா போயிட்டுப் போகுது. நான் கும்பிட்டது நெசம். அது வீணாப் போகாது. போயி ரெண்டு பேருக்கும் சோத்தப் போடு" என்றாள்.

போட்டேன். பதினாறு நாளைக்குப் பிறகு சுடுசோறும் அவரைக்காய்க் குழம்பும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

சந்திரவல்லி அக்கா வந்தார். பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவர். இப்போது தெருத்தெருவாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிற வேலையில் இருக்கிறார். அம்மாவைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். என் கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"வெளுத்துப்போயிருக்கு. நாளைக்கே ஆசுபத்திரில ரத்தம் குடுத்துப் பாரு. ஒனக்கு என்ன வேண்டுதல்? காத்துல பறக்கவா?"

நடைத் தேர்வைச் சொன்னேன். இருபது கிலோவையும் சொன்னேன்.

"அந்த அறிவிப்புல எடை இவ்வளவு இருக்கணும்னு போட்டுருக்கா?"

செல்போனைத் திறந்து படித்தேன். உயரம், மார்பளவு இருக்கின்றன. எடை என்ற சொல்லே எங்கும் இல்லை! எட்டுப் பக்கத்தையும் படித்தவள் நான். தராசில் ஏறிய அன்று, நானே ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

"பெறகென்ன? காலைத் தேத்து. எடை வாரத்துக்கு அரைக்கிலோ எறங்குனா போதும். ஆத்தாளும் மகளும் சேந்தே தின்னுங்க, ரெண்டு பேருக்கும் ஒரே தட்டுதான்" என்றார். தட்டில் பாதிக்குக் காயும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு பயறோ முட்டையோ மீனோ. எந்த வேளையும் விடக்கூடாது. சர்க்கரை போட்ட டீ ஒரு நாளைக்கு நான்கு குடிக்கிறேன். அதை நிறுத்த வேண்டும். அம்மாவுக்கு மாத்திரையும் சாப்பாடும் சேர்ந்தே போக வேண்டும். அவள் மாத்திரையில் ஏதாவது மாற்றுவதானால் டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

அம்மா கேட்டாள்: "இதுக்கெல்லாம் தனியாச் சமைக்கணுமா?"

"வேணாம்மா. ஒங்க வீட்டுக் கொள்ளும் கம்பும் போதும். சோத்தக் கும்பாச்சியா வைக்காம இருந்தாச் சரி."

ஆகஸ்ட் 28, வியாழன்

ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒன்பது கிராம்தான். சத்து மாத்திரை தந்திருக்கிறார்கள். கண் இருட்டியதற்கு இதுவும் ஒரு காரணமாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஐந்து கிலோமீட்டர் நிற்காமல் நடந்தேன். முன்பு போன மூன்று கிலோவில் இரண்டு திரும்பி வந்துவிட்டது. அது போனதே தண்ணீர்தானாம். முதல் நாள் அழுதேன். இப்போது இல்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

இரண்டு வாரமாக எடை அசையவில்லை. நேற்றுச் சாயங்காலம் தட்டைத் தள்ளிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. பசியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா உடனே தன் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சாப்பிட்டேன்.

இன்று காலை போடியிலிருந்து மலையடி முந்தல் வரை ஏழு கிலோமீட்டர். மேட்டில் மூச்சு வாங்கியது. ஆனால் நின்ற இடத்திலேயே அடங்கிவிட்டது. தராசுக்கு இது தெரியாது.

அக்டோபர் 9, வியாழன்

ஈஸ்வரன் அண்ணன் இன்று மறுபடியும், "என்ன தங்கச்சி, லாட்டு எளைச்சுருச்சு?" என்றார். முகத்தைப் பார்த்தே சொன்னேன்: "எளைக்கலண்ணே. பதினோரு கிலோமீட்டர் நடக்குறேன். ஞாயித்துக்கெழம வர்றீங்களா?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நானா பேசினேன்?

அக்டோபர் 20, தீபாவளி

அதிரசம் இரண்டு. முறுக்கு மூன்று. ஒளித்துத் தின்னவில்லை. சாயங்காலம் வழக்கம்போல நடந்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

நாளைக்குத் தேர்வு. எழுபத்திரண்டரைக் கிலோ. அம்மாவின் சர்க்கரை போன வாரம் நன்றாக இருந்தது. சந்திரவல்லி அக்கா அவள் முதுகில் தட்டிவிட்டுப் போனார். இப்போதெல்லாம் அம்மா ஜீப் ஏறும் முன்பே கம்பங்கூழ் குடித்துவிடுகிறாள். தேவி அக்காவுக்கு அதில் வருத்தம்: "ஒங்காத்தா சோத்துல இப்ப எங்களுக்குப் பங்கே இல்ல."

இன்று பயமில்லை. கொஞ்சம் இருக்கிறது. தெரிந்த பயம்தான்.

நவம்பர் 15, சனி

மூன்று மணி நாற்பத்தொரு நிமிடம்!

பன்னிரண்டாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் எரிந்தது. கண் இருட்டவில்லை. என்னைவிட மெலிந்த பெண்கள் பலர் முந்திப் போனார்கள். என்னைவிடக் குண்டான ஒருத்தியும் எட்டி நடந்து முந்திப் போனாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் நடையைப் பிடித்துக்கொண்டே கடைசி வரை வந்துவிட்டேன்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். மலையில் சிக்னல் இல்லை.

ஜனவரி 23, வெள்ளி

வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது. வனக்காவலர் சீருடைக்கு அளவு கொடுக்கப் போடிக்குப் போனேன். தையல் கடைக் கருப்பம்மாள் அக்கா இடுப்பில் நாடாவைச் சுற்றினார். கடையில் இன்னும் மூன்று பேர் துணியோடு காத்திருந்தார்கள். அக்கா குரலைத் தாழ்த்தி, "முப்பத்தெட்டு வருது. முப்பத்தாறுன்னு போட்டுக்கவா? எப்படியும் இன்னும் எளைச்சிருவ" என்றார்.

"முப்பத்தெட்டுன்னே போடுங்கக்கா" என்றேன். "குனிஞ்சு நிமுந்து மலை ஏறணும்."

எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.