அம்மா பெல் கொடுத்த வண்டி

சேலையூர்,
கிழக்குத் தாம்பரம்,
21.12.2006, வியாழன்

அன்புள்ள மகள் பிரிசில்லாவுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே மூன்று பேரும் சுகம். அங்கே நீயும் சுகமாயிருக்கவும் வேளைக்குச் சாப்பிடவும் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகவும் தினமும் ஜெபிக்கிறோம். இதுவரை அம்மா சொன்னது. அம்மாவின் இரண்டு கையிலும் அச்சு முறுக்கு மாவு ஒட்டியிருப்பதால் எழுதுவது உன் தங்கை ஹெப்சிபா. நேற்றோடு எனக்கு அரையாண்டுப் பரீட்சை முடிந்துவிட்டது. இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடி, எதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா. அம்மாவும் அப்படியே எழுதச் சொல்லிவிட்டார், ஏனென்றால் இதற்கு முன் போன மூன்று கடிதங்களிலும், ஞாயிற்றுக்கிழமை போனிலும், ஒரு விஷயத்தை மட்டும் உன்னிடம் சொல்லாமல் விட்டிருந்தோம்.

அதை முதலில் எழுதிவிடுகிறேன், நீ பயப்படாதே. ஆகஸ்ட் மாதம் ரயில்வேயில் எடுத்த கண் பரிசோதனையில் அப்பா தேறவில்லை. சர்க்கரையால் வந்த கோளாறு. மருந்து போட்டுக்கொள்கிறார், பேப்பர் படிக்கிறார், மீனில் முள் எடுக்கிறார், ஆனால் தூரத்துச் சிக்னல் தெளிவாகத் தெரியவில்லை. ஆகவே அப்பா இப்போது மின்சார ரயில் ஓட்டுவதில்லை. மற்ற மோட்டார்மேன்களுக்கு யார் எந்த வண்டி என்று டியூட்டி போட்டுக் கொடுக்கும் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார். பிரிசிக்கு அங்கே நர்ஸிங் பரீட்சை இருக்கிறது, கேட்டால் அழுதுகொண்டு அடுத்த விமானத்தில் வந்து நிற்பாள், யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். உனக்கு மட்டும் இல்லை, தெருவில் யாருக்குமே சொல்லவில்லை. அலுவலகம் ஒன்பதரை மணிக்குத்தான், அப்பாவோ பழையபடி விடியற்காலையிலேயே வெள்ளை யூனிபார்மும் கறுப்புப் பையுமாகக் கிளம்பிவிடுவார். அந்த மூன்று நான்கு மணி நேரம் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று அம்மா ஒரு நாளும் கேட்கவில்லை. வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் நீ உன் சிநேகிதியிடம் கொடுத்தனுப்பிய பெட்டி வந்தது. கடைக் கண்ணாடிக்குள் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி ஒரு பொம்மை ரயில் ஓடுவதைப் பார்த்ததும் அப்பா ஞாபகம் வந்து வாங்கினேன் என்று எழுதியிருந்தாய். நீ தெரியாமல் செய்தாய், அதில் உன் தப்பு எதுவும் இல்லை. அப்பா பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்தார், நல்லாயிருக்கு என்று சொன்னார், பீரோ மேல் தூக்கி வைத்துவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் போனில் டிரெயின் ஓடுதா என்று நீ கேட்டபோதெல்லாம் ஓடுது ஓடுது என்று அப்பா சொன்னாரே, அப்போது அது பீரோ மேல்தான் இருந்தது.

நவம்பரில் மழை லீவு விட்டபோது (தண்ணீர் நம் வீட்டு இரண்டாவது படி வரை வந்து நின்றது, உள்ளே வரவில்லை) நான் அம்மாவிடம் கேட்டு அதை இறக்கினேன். தொள்ளாயிரத்துக்கு மேல் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கட்டைகள். படம் பார்த்துப் பார்த்து மூன்று நாளில் சிவப்பு இன்ஜினையும் பெட்டிகளையும் கட்டி முடித்தேன். கட்டி முடித்த பிறகுதான் அதற்குள் மோட்டார் இல்லை என்று தெரிந்தது. ஏர்போர்ட்டில் எவனோ எடுத்துவிட்டான் என்று அம்மா சாபமிட ஆரம்பித்தார். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை அகராதி வைத்துப் படித்துப் பார்த்தேன், மோட்டாரைத் தனியாக வாங்க வேண்டுமாம். ஏர்போர்ட்காரர்கள் மேல் பழி போட்டது தவறு என்று அம்மா ஒத்துக்கொண்டார். நான் வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தபோது அப்பா தண்ணீர் குடிக்க வந்தவர் நின்று பார்த்து, "கப்ளிங்கைத் திருப்பிப் போட்டிருக்கே, குரோம்பேட்டை தாண்டுறதுக்குள்ள கழண்டுக்கும்" என்றார். சொல்லிவிட்டுப் போகவில்லை, குந்தி உட்கார்ந்து, பெட்டிகளை இணைக்கும் அந்தக் கொக்கியை அவரே சரியாக மாட்டினார். மூன்று மாதத்தில் அப்பா என்னோடு தரையில் உட்கார்ந்தது அன்றுதான்.

மறுநாளே கேம்ப் ரோடு முனையில் ரேடியோ, மிக்ஸி ரிப்பேர் செய்யும் சௌகத் பாயிடம் இன்ஜினை எடுத்துக்கொண்டு போனார். பாய் அதைக் கவிழ்த்துப் பார்த்து, "இன்னா சார், ரயில் ஓட்றவரு வூட்லயே மோட்டாரு இல்லாத ரயிலா? வெளிய சொல்லாதீங்க" என்று சிரித்திருக்கிறார். இருவரும் வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போய், பழைய டேப் ரிக்கார்டரின் மோட்டாரும் உடைந்த ரிமோட் காரின் பல்சக்கரமும் வாங்கி வந்தார்கள். தண்டவாளத்தின் மேல் மெல்லிய உலோகத் தகடு ஓடுவதைக் கண்டுபிடித்தது பாய்தான், அதில் கரண்ட் விட்டு இன்ஜினின் அடியில் செம்புத் தகடால் உரசி எடுத்தால் போதும் என்றார். நம்ம வண்டிக்கு மேலேயிருந்து வருது, இதுக்குக் கீழேயிருந்து வருது, வேற வித்தியாசம் ஒண்ணுமில்ல என்று அப்பா சொன்னார். சக்கரம் வழுக்கியதால் சைக்கிள் வால் டியூபை வளையமாக வெட்டி மாட்டினோம், இன்ஜின் எடை போதாததால் பின்னால் நான்கு இரும்பு நட்டுகளை ஏற்றினோம். வேகத்தைக் கூட்டிக் குறைக்க அம்மாவின் பழைய மிக்ஸிக் குமிழ், அதில் மூன்று வேகம் இருக்கிறதல்லவா, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேட்டரி கூடும். திரும்பி வருவதற்குத் தனி ஸ்விட்ச்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டால் நீ சிரிப்பாய். நீ அனுப்பிய தண்டவாளம் பதினாறும் வளைவு, சேர்த்தால் வட்டம்தான் வரும். அப்பா அதைப் பார்த்துவிட்டு, சுத்திச் சுத்தி வர்றதுக்கு இது என்ன ராட்டினமா, வண்டின்னா ஓர் ஊரிலிருந்து கிளம்பி இன்னோர் ஊருக்குப் போய்த் திரும்பணும் என்று அடம் பிடித்தார். கடைசியில் ஒரு வளைவை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமுமாக மாற்றி மாற்றிப் போட்டு, ஃபிரிட்ஜ் அருகிலிருந்து கூடத்து மூலையில் வைத்த கிறிஸ்துமஸ் குடில் வரைக்கும் பாம்பு போவதுபோல ஒரு லைன் போட்டுவிட்டோம். ஃபிரிட்ஜ் தாம்பரம், குடில் கடற்கரை ஸ்டேஷன். நடுவில் பல்லாவரம், கிண்டி, மாம்பலம் எல்லாவற்றுக்கும் மஞ்சள் அட்டையில் நான் பெயர்ப்பலகை எழுதினேன். பெட்டியில் வந்த கிறிஸ்துமஸ் தாத்தா பச்சைக்கொடியோடு தாம்பரத்தில் நிற்கிறார். பனி என்று வெள்ளைக் கட்டைகள் இருந்தன, மழைக்குப் பிறகு தெருவில் பிளீச்சிங் பவுடர் போட்ட மாதிரி இருக்கு என்று அம்மா எடுக்கச் சொல்லிவிட்டார். முதல் ஓட்டத்தில் அப்பா குமிழை நேராக மூன்றில் வைத்துவிட, வண்டி மாம்பலத்தில் தடம் புரண்டு குடிலுக்குள் பாய்ந்து, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகளில் இரண்டு பேரையும் ஒட்டகத்தையும் சாய்த்துவிட்டது. சௌகத் பாய், "சார், இது லோக்கலு, நீங்க எக்ஸ்பிரஸ்ஸாக்கிட்டீங்க" என்றார். ஒட்டகத்தின் ஒரு காது இன்னும் கிடைக்கவில்லை.

பெல் விஷயத்தை நீ மறந்திருக்கலாம், அதனால் எழுதுகிறேன். மின்சார ரயிலில் பின்னால் இருக்கும் கார்டு இரண்டு பெல் கொடுத்தால்தான் முன்னால் இருக்கும் மோட்டார்மேன் வண்டியை எடுக்கலாம். ஒரு பெல் என்றால் நிறுத்து. அப்பா நம் வீட்டுப் பழைய காலிங் பெல்லைக் கழற்றி, குமிழ் பக்கத்தில் மணியையும் சமையலறை வாசலில் பொத்தானையும் வைத்து, அம்மாவை கார்டாக்கிவிட்டார். அம்மா வேலையில் மறந்துபோனால் வண்டி கிளம்பாது. அப்பா மணைப்பலகையில் உட்கார்ந்தபடியே, "ரத்தினபாய், வண்டி ஏழு நிமிஷம் லேட்டு" என்று குரல் கொடுப்பார். அம்மா உள்ளேயிருந்து, "அடுப்புல எண்ணெய் காயுது, உங்க வண்டிக்கு பெல் அடிக்கவா எங்கப்பா என்னைக் கட்டிக்குடுத்தாரு" என்பார். சொல்லிக்கொண்டே வந்து இரண்டு முறை அழுத்துவார். வீட்டில் மறுபடியும் பேச்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது இப்படித்தான். ஆனால் விடியற்காலையில் யூனிபார்ம் போட்டுக்கொண்டு கிளம்புவது மட்டும் நிற்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் சண்டே ஸ்கூல் பிள்ளைகள் கேரல் பாட வந்தார்கள், இருபத்துமூன்று பேர், நான் எண்ணினேன். ரயிலைப் பார்க்க சௌகத் பாயும் பக்கத்து வீட்டு அபிதகுஜாம்பாள் மாமியும் வந்திருந்தார்கள். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. பாட்டு முடிந்து, கேக் கொடுத்து, அப்பா மணையில் உட்கார்ந்து குமிழில் கை வைத்தார். அப்போது மாமி, "நாளைக்குக் காலம்பற ஆறு பத்து வண்டி நீங்கதானே ஓட்டறேள்? ஜெபராஜ் சார் ஓட்டினா டம்ளர்ல காபி தளும்பாதுன்னு எங்காத்துக்காரர் தினம் சொல்றார்" என்று கேட்டார். அப்பா திரும்பாமலே, "ஆமா மாமி, வழக்கம்போலத்தான்" என்றார். நான் தரையைப் பார்த்தேன். எல்லோரும் வண்டி கிளம்பக் காத்திருந்தார்கள். பெல் அடித்தது. ஒரே ஒரு முறை.

அப்பா குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டார். பிள்ளைகள் ஸ்டார்ட் பண்ணுங்க அங்கிள் என்று கத்தினார்கள். "ஒரு பெல் குடுத்திருக்காங்க, எடுக்கக் கூடாது" என்றார் அப்பா. சௌகத் பாய் குனிந்து பார்த்து, "லைன் கிளியராத்தான் கீது சார், இன்னாத்துக்கு ஸ்டாப்பு?" என்றார். அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா பொத்தான் மேல் விரலை வைத்தபடி சமையலறை வாசலில் நின்றார், முகத்தில் கோபம் இல்லை. விரல் தவறிப் பட்டுவிட்டதென்று நான் முதலில் நினைத்தேன், பிறகு கேட்டதற்குத் தவறவில்லை என்று அம்மா சொன்னார். அப்பா மணையிலிருந்து எழுந்து நின்றார். "மாமி, நான் தப்பாச் சொல்லிட்டேன். ஆகஸ்ட்லேர்ந்து நான் வண்டி ஓட்டல. கண்ணு பாஸாகல. இப்ப ஆபீஸ்ல உட்கார்ந்து மத்தவங்களுக்கு வண்டி குடுக்கறேன்" என்றார். மாமி வாயில் கை வைத்துக்கொண்டு யோசித்தார், பிறகு, "அப்போ இந்த மனுஷர் நாலு மாசமா யாரைப் புகழ்ந்துண்டிருக்கார்?" என்று கேட்டார்.

அக்கா, அப்பா சிரித்தார். முதலில் சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கியது, அப்புறம் கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். சௌகத் பாய் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அது புதுப் பையன் மாமி, நான்தான் அவனுக்கு அந்த வண்டியப் போட்டுக் குடுக்கறேன், நாளைக்கே சொல்லிடறேன், சந்தோஷப்படுவான்" என்றார் அப்பா. அப்படியானால் என் வீட்டுக்காரர் காபி தளும்பாததற்கு நீங்கள்தான் இன்னும் பொறுப்பு என்று மாமி தீர்ப்புச் சொல்லிவிட்டார். அப்பா உட்கார்ந்தார். அம்மா இரண்டு பெல் கொடுத்தார். வண்டி முதல் வேகத்தில் கிளம்பி, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று, ஒட்டகத்தின் முன்னால் ஒரு விரற்கடை இடைவெளி விட்டு நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். திங்கட்கிழமை அப்பா ஒன்பது மணிக்குக் கட்டம் போட்ட சட்டையில் அலுவலகம் போனார். போகும்போது, பிரிசிக்கும் எழுதிடுங்க, ஒண்ணு விடாம எழுதுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தக் கடிதம் அதனால்தான்.

இனி அம்மா சொல்வது. நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே. முடி கொட்டுகிறது என்றாயே, வாரம் ஒரு முறையாவது எண்ணெய் வை, அந்த ஊரில் எண்ணெய் நாற்றம் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். அப்பாவுக்காகப் பதறி டிக்கெட் எடுக்காதே, பரீட்சையை முடித்துவிட்டு மே மாதம் நிம்மதியாக வா. அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. இது உன் கைக்குக் கிடைக்கும்போது புது வருடம் பிறந்திருக்கும், அந்த வருடம் முழுவதும் கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, நீ தொடும் நோயாளிகளுக்கெல்லாம் சுகம் கிடைக்கட்டும். கவரில் இரண்டு போட்டோ வைத்திருக்கிறோம், மங்கலாக இருப்பது ஹெப்சிபா நான் எடுத்தது. மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை போன் செய். அழக் கூடாது. எடுத்தவுடன் கண் எப்படி இருக்கிறது என்று கேட்காமல், கடற்கரை வண்டி எத்தனை மணிக்கு என்று கேள், அப்பாவே மற்றதையெல்லாம் சொல்வார்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
ரத்தினபாய்
(மாவுக் கையோடு போட்ட கையெழுத்து, கறையைப் பார்த்து ஏதோ என்று நினைக்காதே)
எழுதியவள்: ஹெப்சிபா, ஒன்பதாம் வகுப்பு

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் சௌகத் பாய் டார்ச் பல்பு ஒன்றோடு வந்து இன்ஜினுக்கு ஹெட்லைட் வைத்துவிட்டார். இன்னும் யாரும் அதை ஓட்டிப் பார்க்கவில்லை. அப்பா மணையில் உட்கார்ந்து, ஃபிரிட்ஜிலிருந்து குடில் வரைக்கும் எனக்குச் சுத்தமாத் தெரியுது, இந்த லைனுக்கு என் கண் பாஸ் என்கிறார். அம்மா முறுக்கை அப்படியே விட்டுவிட்டுப் பொத்தான் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். என்னையும் கூப்பிடுகிறார்கள். இரண்டு பெல் கேட்டுவிட்டது. இதற்கு மேல் எழுத முடியாது அக்கா, விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டார்கள்.