முன்வரிசை நாற்காலிகள்

ஆகஸ்ட் 17, 2025

தேக்கா மார்க்கெட்டில் மதியச் சாப்பாடு. காலி மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட். இந்த ஊரில் அதற்கு அர்த்தம்: இடம் பிடித்தாயிற்று, ஆள் சாப்பாடு வாங்கப் போயிருக்கிறார். கபிலனுக்குத் தெரியும். இதைப் பற்றியே போன வாரம் வீடியோ போட்டவன். பாக்கெட்டைப் பிரித்து மூக்கைச் சிந்திவிட்டு உட்கார்ந்தான்.

"அந்தம்மா வருது பாரு. மூஞ்சியை எடு, மூஞ்சியை எடு."

எடுத்தேன். கேமரா பிடிக்கும் மனைவி.

ஆகஸ்ட் 19

வேலையை விடப்போகிறானாம். மாதம் ஒரு நாடு, முதலில் வியட்நாம். செப்டம்பர் பன்னிரண்டுக்கு இரண்டு டிக்கெட் போட்டுவிட்டான். என் வேலையையும் விடவேண்டும். இதை அவன் கேட்கவில்லை, அறிவித்தான்.

"ஜோடியா இருந்தாத்தான் பாப்பாங்க."

எப்போது நான் அவன் வீடியோவில் ஒரு சாமான் ஆனேன்?

ஆகஸ்ட் 20

வழக்கம்போல ஆபீஸ் போனேன். என் பதிலை அவன் எதிர்பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 30

சீனர்களின் ஏழாம் மாதம், பேய் மாதம். செம்பவாங்கில் எங்கள் பிளாக்குக்குப் பக்கத்துத் திடலில் கெத்தாய் கச்சேரி மேடை: ஜிகினாச் சட்டை, ஹொக்கியன் பாட்டு, காதைக் கிழிக்கும் கீபோர்டு. முன்வரிசை முழுக்கக் காலி. செத்தவர்கள் வந்து உட்கார்ந்து கேட்பதற்காக.

கபிலன் நேராகப் போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தான். கால்மேல் கால்.

எதிர்வீட்டு துரைசாமி அண்ணன் ஓடிவந்தார். "தம்பி, அது அவங்க சீட் லா. எழுந்திருங்க, ப்ளீஸ்."

"டிக்கெட் வாங்கியிருக்காங்களா அண்ணே?"

பிறகு என்னைப் பார்த்து: "மேடம், வாங்க. ஒரே ஒரு ஷாட்."

பின்வரிசையில் ஒரு சீன ஆன்ட்டி எழுந்து நின்றார். பார்த்தார்.

நான் போய், கேமராவை அவன் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஏன்? எல்லார் முன்னாடியும் சண்டை வேணாம்னு. அவ்வளவுதான். எவ்வளவு மலிவு நான்.

செப்டம்பர் 2

வீடியோ வந்துவிட்டது. தான் உட்கார்ந்ததை வெட்டிவிட்டான். என் முகம் மட்டும். தலைப்பு: 'பேய் சீட்டில் என் பொண்டாட்டி!'

ஆபீஸில் ஷமீமா போனை நீட்டினாள். "ரக்ஷனா, இது நீயா? ஹுய் லிங் பாத்துட்டா. எழுந்து போயிட்டா. போன மாசம்தான அவ அப்பா தவறினாரு..."

வீட்டுக்கு வந்ததும் கபிலனிடம் வீடியோவை நீக்கச் சொன்னேன்.

"பைத்தியமா? போட்டதுலயே இதுதான் ஓடுது."

"உன் மூஞ்சியை ஏன் வெட்டின?"

"எனக்கு இன்னும் ஒரு வாரம் ஆபீஸ் இருக்குல்ல."

"எனக்கு?"

"நீதான் விடப்போறியே."

செப்டம்பர் 3

ஹுய் லிங்கிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஓகே" என்றாள், திரையைப் பார்த்தபடி. ஓகே இல்லை.

செப்டம்பர் 11

பெட்டி கட்டுகிறான். என் துணிகளை அவனே எடுத்து வைக்கிறான் — மஞ்சள்தான் கேமராவுக்கு நல்லதாம்.

"நான் வரலை."

"சரி சரி. நாளைக்கு ஆபீஸ்லேருந்து நேரா ஏர்போர்ட் வந்துடு."

செப்டம்பர் 12

சாங்கி ஏர்போர்ட்டிலிருந்து போன்.

"எங்க இருக்க? கேட் மூடப்போறான்!"

"வீட்ல. ரசம் வைக்கிறேன்."

"இப்பவா? யாருக்கு?"

"ஒருத்தருக்கு."

புளி கொஞ்சம் தூக்கல். முழுக்கக் குடித்தேன்.